தோட்டப் பட்டணத்தில் கட்டற்ற மென்பொருள் குழு: ஒரு வரி நோக்கத்திலிருந்து வீட்டு வாசல் வரை

வீடுகளில் கிடக்கும் கணினிகளில் கட்டற்ற மென்பொருளை நிறுவித்தரும் குழுவைத் தொடங்க, மலேசியாவின் சுங்கை சிப்புட் அளவிலான ஊரை மனத்தில் வைத்து எழுதிய வழிகாட்டி இது. ஒரு பெரிய சாலை, சுற்றிலும் செம்பனை, ஆங்காங்கே மிச்சமிருக்கும் பால்மரம், லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுவந்து தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய குடும்பங்கள், தமிழ்ப்பள்ளிகள், கோயில் மண்டபங்கள். பீடோரிலோ கூலிமிலோ இருப்பவர்கள் தேதிகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

மொத்தம் 12 வாரம் பிடிக்கும். ஊரைக் கேட்க 2 வாரம், நோக்கத்தை எழுத 1 வாரம், இடம் பிடித்துப் பழக 3 வாரம், கணினிகளில் நிறுவித்தரும் முகாம் ஒரே ஒரு நாள், அதன்பின் வீடுகளைப் பின்தொடர 6 வாரம். புதியவர்கள் பெரும்பாலும் நடுவிலிருக்கும் அந்த ஒரு நாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பேனர் கட்டி, கூட்டம் சேர்த்து, வந்த கணினியிலெல்லாம் விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதத்தில் அவற்றில் பல கடைக்குப் போய்த் திருட்டு விண்டோசோடு வீடு திரும்பியிருக்கும். வரிசையை மாற்றினால் உழைப்பு அத்தனையும் வீண்.

1. முதலில் ஊரைக் கேளுங்கள் (2 வாரம்)

குறைந்தது 15 பேரிடம் பேசுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் பெற்றோர், டியூஷன் நடத்துபவர், கோயில் கணக்கர், போட்டோஸ்டாட் கடைக்காரர், தோட்ட ஆபீசில் வேலை செய்யும் கிராணி ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். போட்டோஸ்டாட் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். ஊரில் யார் வீட்டில் பிரிண்டர் இல்லை, யாருடைய பென்டிரைவில் வைரஸ் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

“லினக்ஸ் வேண்டுமா?” என்று கேட்டால் பதில் கிடைக்காது; கேட்பவரின் மனம் நோகக்கூடாது என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். “போன மாதம் கணினியில் எந்த வேலை பாதியில் நின்றது?” என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே நோட்டில் எழுதுங்கள். பிறகு உங்கள் துண்டறிக்கைக்கு அந்தச் சொற்கள்தான் வேண்டும்.

பொதுவாக நான்கு வகைப் பதில்கள் வரும். முதலாவது, பழைய மடிக்கணினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் கேட்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கணினியைக்கூட “இனி ஆகாது” என்று அலமாரியின்மேல் வைத்திருப்பார்கள். இரண்டாவது, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் வரும் பள்ளிப்பாடத்தை அம்மாவின் கைப்பேசியில் செய்யும் பிள்ளைகள். மூன்றாவது, கோயில் கணக்கோ சங்கக் கணக்கோ ஒரே ஒருவரின் கணினியில் மட்டும் கிடப்பது. நான்காவது, ஆசிரியர்களின் பழைய தேர்வுத்தாள்கள் புதுக் கணினியில் புரியாத எழுத்தாகத் திறப்பது.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். எது அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் முதல் வேலை. உங்களுக்குப் பிடித்த வேலை வேறாக இருக்கலாம். அதற்குப் பின்னால் நேரம் இருக்கிறது.

2. நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

மூன்று முதல் ஐந்து பேர் போதும். ஒவ்வொருவரும் தனித்தாளில், அடுத்தவரைப் பார்க்காமல் எழுதவேண்டும். பிறகு தாள்களை மேசையில் பரப்புங்கள். எல்லாரும் ஒரே எண்ணத்தில் இருப்பதாக நினைத்திருப்பீர்கள். தாள்கள் வேறு சொல்லும். ஒருவர் எழுதியிருப்பது மாணவர்களுக்கு நிரலாக்க வகுப்பு, இன்னொருவருடையது தமிழ் விக்கிப்பீடியா, மூன்றாமவருடையது பழைய கணினி. இந்த வேறுபாடு இந்த மேசையில் வெளிவந்தால் அரை மணி நேரப் பேச்சோடு தீரும். முகாம் நாளில், பெற்றோர் முன்னிலையில் வெளிவந்தால் குழுவே உடையும்.

அந்த வரியில் நான்கு பதில்கள் இருக்கவேண்டும்: யாருக்கு, என்ன, எப்போதுக்குள், நடந்தது என்று எப்படித் தெரியும். இப்படி எழுதலாம்: “அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குமுன், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எட்டு மாணவர் வீடுகளில் கிடப்பில் இருக்கும் கணினிகளை ஓடவைப்போம், ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்க்கும்போதும் அவை பயன்பாட்டில் இருக்கவேண்டும்.” கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை குழுவுக்கு மகிழ்ச்சி தரும். எத்தனை வீட்டில் இன்னும் ஓடுகிறது என்ற எண்ணிக்கைதான் ஊருக்குப் பயன் தரும்.

அதற்குக் கீழே, செய்யாதவற்றையும் எழுதுங்கள். திரை உடைந்த கணினியை வாங்கிக்கொள்ள மாட்டோம். உரிமமில்லாத மென்பொருளைப் போட்டுத்தர மாட்டோம். எல்லா விளையாட்டும் ஓடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். ரோப்லக்ஸ் லினக்சில் நேரடியாக ஓடாது, வேலரன்ட் ஓடவே ஓடாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் வீட்டுத் தம்பியின் அழுகைக்காகக் கணினியை மீண்டும் மாற்றவேண்டி வராது.

இதே கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுக்கவேண்டும்: கட்டற்ற என்ற சொல்லில் எவ்வளவு கண்டிப்பாக இருப்பது? எந்தத் தேவைக்கும் ஓட்டலாம், எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் தரலாம் என்ற நான்கு உரிமைகளும் இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள். விலை இல்லை என்பது மட்டும் போதாது. இலவசமாகக் கிடைக்கும் செயலி நாளை கட்டணம் கேட்கலாம். இந்த நான்கு உரிமைகளோடு கைக்கு வந்த படியை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் பல மடிக்கணினிகளின் வைஃபை, மூடிய சாதன நிரல் (இந்த நான்கு உரிமைகளும் இல்லாத ஃபர்ம்வேர்) இல்லாமல் வேலை செய்யாது. டெபியன் என்ற லினக்ஸ் வகையே 12-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 ஜூன் முதல், தன் நிறுவியில் அவற்றைச் சேர்த்துத் தருகிறது. எங்கள் பரிந்துரை: சாதன நிரலை அனுமதியுங்கள், பயன்பாட்டு மென்பொருள்களில் கண்டிப்பாக இருங்கள், மூடிய பகுதி எது என்பதைக் கணினியோடு கொடுக்கும் தாளில் எழுதுங்கள். வைஃபை இல்லாத கணினியைக் கொடுத்து விடுதலையைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

3. இடமும் அனுமதியும்

மூன்று இடங்கள் கிடைக்கக்கூடும்: தமிழ்ப்பள்ளிக் கணினி அறை, கோயில் மண்டபம், பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொதுமண்டபம். முதல் முகாமுக்குப் பள்ளிதான் நல்லது. மேசை, மின்செருகி, கழிப்பறை எல்லாம் இருக்கும்; அம்மாக்கள் தயங்காமல் வருவார்கள். கோயில் மண்டபத்தில் கல்யாண முன்பதிவு வந்தால் உங்கள் தேதி போய்விடும்.

பள்ளியில் முதலில் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள், பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரைப் பாருங்கள். கடிதத்தை மலாயில் எழுதி, ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்: நாள், நேரம், எத்தனை பேர், எந்த அறை, மின்சாரம் எவ்வளவு, பள்ளிக் கணினிகளைத் தொடமாட்டோம் என்ற உறுதி. கடைசி வரி மிக முக்கியம். அந்தக் கணினிகள் பள்ளியின் சொத்துக் கணக்கில் இருப்பவை. அவற்றில் எதையாவது மாற்றினால் பதில் சொல்லவேண்டியவர் தலைமையாசிரியர்.

1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம், ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது. அதற்குப் பதிவு தேவை. ஆகவே தொடக்கத்தில் தனிச் சங்கம் அமைக்க அவசரப்படாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் என்று ஏற்கெனவே பதிவுபெற்ற ஒன்றின் நடவடிக்கையாக நடத்துங்கள். ரசீது, வங்கிக் கணக்கு போன்ற தொல்லைகளும் இராது.

அரசியல் கட்சிக் கொடியோ பேனரோ மண்டபத்துக்குள் வரவேண்டாம். தேநீருக்குப் பணம் தருகிறோம் என்று யாராவது முன்வருவார்கள். நன்றியோடு மறுத்துவிடுங்கள். ஒரு பக்கத்தின் படம் தொங்கினால் மறு பக்கத்துக் குடும்பங்கள் வரமாட்டா, ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டா.

4. நாள் குறிப்பது

ஞாயிறு காலை 9 முதல் 1 வரை. சனிக்கிழமை காலையில் டியூஷனும் பள்ளிப் புறப்பாட நடவடிக்கைகளும் இருக்கும். பிற்பகலில் இடியும் மழையும் வரும்; மின்சாரம் ஒருமுறை துண்டித்தால், பேட்டரி செத்த மடிக்கணினியில் நிறுவல் பாதியில் அறுந்துபோகும். கெடாவில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டும்: அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு பள்ளி நாள்.

சம்பளம் மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிடும். அதையடுத்த ஞாயிறன்று குடும்பங்கள் சாமான் வாங்கப் பட்டணம் போய்விடும். அந்த நாளைத் தவிர்த்து மூன்றாம் ஞாயிறை எடுங்கள். தைப்பூசம், தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) காலம், உள்ளூர்க் கோயில் திருவிழா ஆகியவற்றையும் நாட்காட்டியில் முதலில் அடித்துவிடுங்கள்.

5. எட்டுக் கணினிக்கு வேண்டிய பொருட்கள்

முதல் முகாமில் எட்டுக் கணினிதான். நிறுவத் தெரிந்தவர் ஒருவருக்கு இரண்டு கணினி என்பது கணக்கு. நான்கு பேருக்கு எட்டு. ஒன்பதாவது கணினி வந்தால், பெயரை எழுதிக்கொண்டு அடுத்த முகாமுக்கு வரச்சொல்லுங்கள்.

32 ஜிபி பென்டிரைவ் நான்கு. ஒவ்வொன்றிலும் வென்டாய் (ஒரே பென்டிரைவில் பல நிறுவிகளை வைக்க உதவும் நிரல்) போட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, டெபியன், ஆன்டிஎக்ஸ் ஆகிய மூன்று லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளையும் வையுங்கள். மின்ட் கோப்பு மட்டும் ஏறக்குறைய 3 ஜிபி. பதிவிறக்கியதும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். கெட்ட ஐஎஸ்ஓ நிறுவலின் பாதியில்தான் தன் குணத்தைக் காட்டும். பழியோ கணினியின்மேல் விழும்.

எதற்கு எது? 4 ஜிபி அல்லது அதற்கு மேல் நினைவகம் இருந்தால் மின்ட். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. மாணவர் ஒருவர் இடைநிலைப்பள்ளியின் பெரும்பகுதியைக் கடக்கப் போதும். 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ், அல்லது இலேசான மேசைச்சூழலோடு டெபியன். 32 பிட் செயலி என்றால் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: டெபியனே 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டது, அந்தக் கணினிக்குச் செலவழிப்பது நியாயமில்லை. வட்டு பழைய சுழலும் வகையாக இருந்தால், எந்த இயங்குதளம் போட்டாலும் ஆமைதான். சுழலாத வகையான எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றுவது நினைவகம் கூட்டுவதைவிட அதிக மாற்றம் தரும்.

இவற்றோடு 1 டிபி வெளிவட்டு இரண்டு, லினக்சில் வேலை செய்வதாக நீங்களே சோதித்த யூஎஸ்பி வைஃபை துண்டு இரண்டு, மின்னெழுச்சித் தடுப்போடு கூடிய நான்கு நீட்டிப்பு வயர்கள், சிறிய திருப்புளித் தொகுப்பு, ஒட்டுநாடா, மார்க்கர். ஒட்டுநாடா சின்ன விஷயம் போலத் தெரியும். எட்டுக் கறுப்பு மடிக்கணினிகளும் எட்டுக் கறுப்புச் சார்ஜர்களும் ஒரே மேசையில் கலந்தபிறகுதான் அதன் அருமை புரியும்.

புதுப்பிப்புகளைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் எட்டுமுறை இறக்கினால் ஒருவருடைய மாத டேட்டா காலி. பழைய கணினி ஒன்றில், இறக்கியதைச் சேமித்துவைக்கும் ஏப்ட் கேச்சர் நிரலை அமைத்து, மற்ற கணினிகளோடு ஒரு நெட்வொர்க் சுவிட்ச்சில் இணையுங்கள். முதல் கணினி இறக்கியதை மற்ற ஏழும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

முகாமுக்கு முன், ஒவ்வொருவரும் ஐந்துமுறை தனியாக நிறுவிப் பழகவேண்டும். அதில் இரண்டுமுறை இணையமே இல்லாமல்.

6. தமிழ்த் தட்டச்சை முதலில் முடியுங்கள்

ஆங்கிலத்தில் எல்லாம் ஓடி, தமிழில் பெயர் எழுத வரவில்லை என்றால், பார்ப்பவருக்கு “இது நமக்கான பொருள் இல்லை” என்றுதான் தோன்றும். ஆசிரியர் என்றால் அந்த நிமிடமே எழுந்துவிடுவார். எனவே இதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே தீர்த்துவைக்கவேண்டும்.

மின்ட்டில் இரண்டு வழி உண்டு. விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 தளவமைப்பைச் சேர்ப்பது முதல் வழி. இணையம் தேவையில்லை, உடனே வரும். ஆனால் தமிழ்99-இன் தானியங்கிப் புள்ளி (மெய்யெழுத்துக்குப் புள்ளி தானாக விழுவது) அதில் வராது, ஏனென்றால் அந்த முறை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும். முன் வந்த எழுத்தைப் பார்க்காது. இரண்டாவது வழி, ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலும் அதற்கான எம்17என் தொகுப்பும். இதில் தமிழ்99 முழு இயல்போடு வரும், ஒலியன் முறையும் உண்டு. நிறுவியபின் வெளியேறி மீண்டும் உள்நுழையவேண்டும். இதை மறந்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்று அரை மணி நேரம் தேடுவது புதியவர்களின் வழக்கமான தடுமாற்றம்.

மலேசியாவில் பலருக்குப் பழக்கம் முரசு அஞ்சல் முறை. ஐபஸ்ஸின் ஒலியன் முறை அதற்கு நெருங்கியதுதான், ஆனால் அதுவே அல்ல. ந, ன, ண மூன்றும், ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் எந்தெந்த விசையில் வருகின்றன என்று நீங்களே அடித்துப் பார்த்து, கால் பக்கத் தாளில் அச்சடித்துத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் போன கணினியில் யாரும் தமிழில் எழுதுவதில்லை.

கட்டற்ற அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபீசில் ஒரு பொறி இருக்கிறது. அது தமிழைச் சிக்கலான எழுத்துருவமைப்பு என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. அதற்கான இயல்பு எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கானவற்றிலிருந்து வேறு. ஆங்கில அளவை 14 என்று மாற்றிவிட்டு, தமிழ் மட்டும் 12-இலேயே நிற்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். மொழி அமைப்பில் அந்தப் பிரிவை இயக்கி, இயல்பு எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோவும் கேம்பிரியாவுக்குப் பதில் கலாடியாவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை அகலம் ஒத்த எழுத்துருக்கள். இல்லையென்றால் பள்ளியிலிருந்து வரும் படிவங்களின் பக்கங்கள் நகர்ந்துபோகும். போட்டோஸ்டாட் கடைக்கு எப்போதும் பிடிஎஃப்தான் கொண்டுபோக வேண்டும் என்றும் பழக்குங்கள்.

யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய தேர்வுத்தாள்களை, அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஓப்பன் தமிழ் நிரலகத்தில் மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் முகாம் நாளில் இதைச் செய்வதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு தாளை வாங்கிவந்து மாற்றி, கிரந்த எழுத்தும் எண்களும் சரியாக வருகின்றனவா என்று ஆசிரியரையே பார்க்கச்சொல்லுங்கள்.

7. முகாம் நாள்: ஐந்து மேசை, ஒரே திசை

கணினி முதல் மேசையிலிருந்து ஐந்தாவது வரை ஒரே வழியில் நகரவேண்டும். எந்த மேசையையும் தாண்டக்கூடாது.

முதல் மேசை பதிவு. உரிமையாளர் பெயர், கைப்பேசி எண், கணினி மாடல், கூட வந்த பொருட்கள், விண்டோஸ் கடவுச்சொல் தெரியுமா என்ற கேள்வி. ஐசி (அடையாள அட்டை) எண் கேட்காதீர்கள். அதைக்கொண்டு நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த மேசையில் பெண் ஒருவர் உட்கார்ந்தால் நல்லது. “வாங்கக்கா, என்ன வேலைக்கு வேணும்?” என்று தொடங்கும் பேச்சில்தான் உண்மையான தேவை வெளிவரும்.

இரண்டாவது மேசை காப்புப்படி. விண்டோசுக்குள் இருந்தபடியே வெளிவட்டுக்கு எடுங்கள். இதற்கு முன் பயோசை (கணினி துவங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்பை) தொடவே கூடாது. காரணம், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். பல கணினிகளில் அது உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பயோசில் செக்யூர் பூட் என்னும் துவக்கப் பாதுகாப்பை மாற்றியதும் மீட்புச் சாவி கேட்கும். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் பூட்டிய வட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். படங்கள், ஆவணங்கள், மேசைத்திரை, பதிவிறக்கங்கள் ஆகிய நான்கையும் எடுத்து, ஏதேனும் மூன்று கோப்புகளை உரிமையாளர் முன்னிலையில் திறந்து காட்டி, தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது மேசை சோதனை ஓட்டம். பென்டிரைவிலிருந்து மின்ட்டை ஏற்றி, நிறுவாமல் பாருங்கள்: வைஃபை, ஒலி, கேமரா, திரை ஒளி, மூடித் திறந்தால் விழிக்கிறதா. துவக்கப் பட்டியலுக்கு டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூசில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 பட்டியலைப் பெரும்பாலும் முதலில் எஃப்2 வழியாக இயக்கிவைக்கவேண்டும். செக்யூர் பூட் இருந்தால் வென்டாய் முதன்முறை ஒரு சாவியைப் பதியச் சொல்லும். அது பிழை இல்லை. நிறுவி வட்டையே காட்டவில்லை என்றால், இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் வட்டு இருக்கும். பயோசில் அதை ஏஎச்சிஐ என்ற முறைக்கு மாற்றவேண்டும். வைஃபை தெரியவில்லை என்றால் கைப்பேசியை யூஎஸ்பியில் கட்டி இணையம் கொடுத்து, இயக்கி மேலாளரைத் திறந்து பாருங்கள். இரண்டு முக்கியச் சாதனங்கள் வேலை செய்யாவிட்டால் இங்கேயே நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, கணினியை இருந்தபடியே திருப்பிக் கொடுங்கள். இந்த மேசையில் “முடியாது” என்று சொல்வது குறையல்ல. இது இருப்பதே அதற்காகத்தான்.

நான்காவது மேசை நிறுவல். முழுவதும் அழிப்பதா, விண்டோசோடு சேர்த்து வைப்பதா? 128 ஜிபி வட்டில் இரண்டையும் வைத்தால் இரண்டுமே மூச்சுத் திணறும். விண்டோசில் மட்டும் ஓடும் வேலை எதுவும் இல்லையென்று உரிமையாளரே சொன்னால் முழுவதும் அழியுங்கள். சொல்லத் தயங்கினால் சேர்த்து வையுங்கள். சேர்த்து வைத்தால் விண்டோசின் கடிகாரம் எட்டு மணி நேரம் பிசகும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வன்பொருளில் எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, நாம் எட்டு மணி முன்னால் இருக்கிறோம். லினக்சை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவைத்தால் சரியாகிவிடும். இயங்குதளத்தின் காப்புப்படி எடுக்கும் டைம்ஷிப்டில் வாரப் படிகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். சிறிய வட்டு அதனாலேயே நிரம்பிவிடும்.

ஐந்தாவது மேசைக்கு முழுதாக 30 நிமிடம். அவசரத்தில் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டிய வீடுகளிலிருந்துதான் கணினி கடைக்குப் போகிறது. மவுசை நீங்கள் தொடக்கூடாது. உரிமையாளரே உலாவியைத் திறந்து, பிள்ளையின் டெலிமா கணக்கில் நுழைந்து, தமிழில் பெயர் எழுதி, சேமித்து, பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் போட்டு, பாதுகாப்பாக வெளியெடுத்து, கணினியை அணைக்கவேண்டும். எங்கே கை தயங்குகிறது என்று பாருங்கள். தயங்கிய இடத்தைத் தாளில் குறித்துவையுங்கள். பின்தொடரும்போது முதல் கேள்வி அதுதான். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வந்தால், பெற்றோர் கையில்தான் மவுஸ் இருக்கவேண்டும். பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும்.

நிறுவுவதற்குக் காசு வாங்காதீர்கள். எஸ்எஸ்டி போன்ற உதிரிப்பாகம் வேண்டுமென்றால் கடை ரசீது விலைக்கே, முன்கூட்டியே சொல்லி. தேநீரும் பசியாறலும் குழுவின் செலவு.

8. அடுத்த ஆறு வாரம்

மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று மூன்றுமுறை தொலைபேசியில் கூப்பிடுங்கள். செய்தி அனுப்பினால் “ஓகே” என்றுதான் பதில் வரும். குரலில் கேட்டால் “பிரிண்டர்தான் தம்பி…” என்று ஆரம்பிப்பார்கள். ஆறாம் வார அழைப்போடு, நோக்க வரியில் எழுதியபடி வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.

மூன்றாம் நாளில் பெரும்பாலும் கடவுச்சொல் மறந்திருக்கும். இரண்டாம் வாரத்தில், கேடய வடிவில் தோன்றும் புதுப்பிப்பு அறிவிப்பை வைரஸ் என்று பயந்திருப்பார்கள். ஆறாம் வாரத்தில் பிரிண்டர், அல்லது பள்ளி அனுப்பிய ஏதாவதொரு படிவம். முதல் இரண்டையும் தொலைபேசியிலேயே தீர்க்கலாம். பிரிண்டருக்கு மாடலைக் கேட்டு, வீட்டில் முயன்று பார்த்துவிட்டுப் பிறகு போங்கள். முன்வேலை இல்லாமல் போய் அங்கே தேடிக்கொண்டிருந்தால் நம்பிக்கை குறையும்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரே ஒரு குழு போதும். குரல்பதிவில் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். தட்டச்சு வராத அம்மாக்கள் அப்போதுதான் கேட்பார்கள். காலை வணக்கப் படங்களுக்கு அங்கே இடமில்லை என்பதையும் அன்றே அன்பாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் நோட்டில் ஏற்றுங்கள். ஒரே கேள்வி மூன்று வீட்டிலிருந்து வந்தால், குறை ஐந்தாவது மேசையில் இருக்கிறது. அடுத்த முகாமில் அங்கே திருத்துங்கள்.

மாதம் ஒருமுறை, அதே பள்ளியில், அதே ஞாயிறில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். ஒருவரும் வராத ஞாயிறும் இருக்கும். அப்போதும் உட்காருங்கள். இடமும் நேரமும் மாறாமல் இருப்பதுதான் ஊருக்கு நீங்கள் தரும் உறுதி.

9. பயன்படுத்துபவர் பங்களிப்பவராக

ஆறு வாரம் தாண்டிய வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பேரைக் குழுவுக்கு அழையுங்கள். நான்காம் படிவ மாணவர்களும் வீட்டிலிருக்கும் அம்மாக்களும் பெரும்பாலும் நல்ல ஐந்தாவது மேசைக்காரர்களாக அமைவார்கள். தடுமாறிய நினைவு அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் உண்மையான வேலைகள் உண்டு. யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி, கோயில், பழைய தோட்டப் பிரிவுகள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம். முதன்மைப் பெயரை மாற்றாமல், தமிழுக்கான தனிப் புலத்தில் எழுதவேண்டும். வேறு வணிக வரைபடத்தைப் பார்த்து எழுதக்கூடாது; அது உரிமைச் சிக்கல். நேரில் போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்தும், அங்கே வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டும் எழுதுங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பாகும் இடங்களில் பிரிவுப் பெயர்கள் மறைந்துவருகின்றன. இந்த வேலை இப்போது நடக்கவேண்டும்.

மொசில்லாவின் குரல் சேகரிப்புத் திட்டமான காமன் வாய்ஸில் தமிழ் உண்டு. நம் உச்சரிப்பையும் அங்கே பதியலாம். அமைதியான அறையும் ஹெட்செட்டும் போதும். லிப்ரே ஆபீஸ் மொழிபெயர்ப்பு வெப்லேட் தளத்தில் நடக்கிறது, பயர்பாக்ஸ் உலாவியினுடையது பொன்டூன் தளத்தில். அங்கே போகுமுன் அந்தந்தத் திட்டத்தில் ஏற்கெனவே வழங்கும் சொற்களைப் படியுங்கள். நமக்குப் பழகிய சொல் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வேறாக இருக்கலாம். தனியாக மாற்றினால் ஒரே பட்டியலில் இரண்டு சொல் நிற்கும். முன்மொழிந்து, பேசி, பிறகு மாற்றுங்கள்.

குழுவின் கணக்குகள், கடவுச்சொற்கள், நோட்டின் படம் எல்லாம் குறைந்தது இருவர் கையில் இருக்கட்டும். ஒருவர் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டால் குழுவும் கூடவே போய்விடக்கூடாது.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள். வீடுகளில் ஓடும் கணினிகள் பத்தைத் தாண்டியபின், இரண்டாம் முகாமுக்கு அடுத்த ஆண்டில், அதைப் பொதுவில் நடத்துங்கள். மேடையில் குழுவினர் பேசவேண்டாம். பத்துக் கணினிகளையும் உரிமையாளர்களையும் வரவழைத்து மேசைகளில் உட்காரவையுங்கள். வருகிறவர்கள் அவர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து “எங்க ஊருக்கும் வாங்க” என்று அழைப்பு வந்தால், பொருட்களைக் கடனாகக் கொடுங்கள், நோட்டின் படியைக் கொடுங்கள், ஒருவரை உடன் அனுப்புங்கள். உங்கள் நோக்க வரியை மட்டும் கொடுக்காதீர்கள். அவர்கள் தங்கள் 15 பேரைக் கேட்டு, தங்கள் வரியைத் தாங்களே எழுதவேண்டும். அங்கே பிரச்சினை பழைய மடிக்கணினியாக இல்லாமல், கோயில் கணக்காக இருக்கலாம்.